கப்பலுக்குள் ஒரு தேரோட்டம்: 380 டன்னைச் சுமந்து நகரும் தரை!

திருவதிகை தேரோட்டத்தைப் பார்த்து வளர்ந்த பண்ருட்டிக்காரர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிக்க நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். ஆனால், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கட்டை போடும் ஒரு சிலர்தான். அவர்கள் கை கொஞ்சம் தவறினால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும்.

சரி, தேர் ஓடும் தெருவே ஆடினால்? இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று தெரு சாய்ந்துகொண்டே இருந்தால்? தெருவின் நடுவில் அடி தெரியாத ஒரு கிணறும் இருந்து, தேரைக் கொண்டுபோய் மிகச் சரியாக அந்தக் கிணற்றுக்கு மேலேயே நிறுத்த வேண்டும் என்றால்?

ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் துரப்பணக் கப்பல்களில் இதுதான் வேலை. அதற்காகவே அந்தக் கப்பல்களுக்குள் நகரும் தரை ஒன்றை வடிவமைத்து வைத்திருக்கிறார்கள்.

கப்பலுக்கு நடுவே ஓட்டை!

கப்பலில் ஓட்டை விழுந்தால் மூழ்கிவிடும் என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். துரப்பணக் கப்பலில் ஓட்டையை வேண்டுமென்றே வைத்துத்தான் கட்டுகிறார்கள். கப்பலின் நடுப்பகுதியில் மேல்தளத்திலிருந்து அடிப்பகுதி வரை நேராக இறங்கும் திறப்பு அது. சுற்றிலும் நீர் புகாத இரும்புச் சுவர் இருப்பதால் கடல்நீர் அந்தக் கிணற்றுக்குள் மட்டும் நிற்கும், கப்பலுக்குள் வராது. இதன் பெயர் 'மூன் பூல்'. 'நிலாக் குளம்' என்று தமிழில் சொன்னால் கவிதையாக இருக்கும். நேரில் பார்த்தால் இரும்புச் சுவர்களுக்கு நடுவே கறுப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் ராட்சதக் கிணறுதான்.

ஜப்பானின் 'சிக்யூ' என்ற ஆய்வுக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 2005-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கப்பலின் நீளம் 210 மீட்டர், அகலம் 38 மீட்டர். அதன் மூன் பூல் 22 மீட்டருக்கு 12 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 2,800 சதுர அடிக்கு மேல், அதாவது ஒரு கிரவுண்டைவிடப் பெரியது. அந்தத் திறப்புக்கு நேர் மேலே டெரிக் எனப்படும் கோபுரம் நிற்கிறது. அதிலிருந்து குழாய்களை ஒன்றோடு ஒன்று திருகி, இந்தக் கிணற்றின் வழியாகக் கடலுக்குள் இறக்குவார்கள்.

குழாய் இறக்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய தலைவலி வேறு ஒன்று இருக்கிறது.

கிணற்றுக்கு மூடி

பூமிக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் பயங்கர அழுத்தத்தில் இருக்கும். துளை போடும்போது அது திடீரெனப் பீறிட்டு மேலே வந்தால் கப்பலே எரிந்துபோகும். அதைத் தடுக்க, கடல் தரையில் கிணற்றின் வாயில் ஒரு பிரமாண்டமான வால்வு அடுக்கைப் பொருத்துவார்கள். பெயர் 'ப்ளோஅவுட் பிரிவென்டர்', சுருக்கமாக பி.ஓ.பி. ஆபத்து வந்தால் குழாயையே வெட்டி, கிணற்றை மூடிவிடும் வகையில் இதை வடிவமைத்திருக்கிறார்கள். 2010 ஏப்ரல் 20-ம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்களே, அங்கே கடைசி நம்பிக்கையாக இருந்ததும் இந்த பி.ஓ.பி-தான். அது கிணற்றை மூடத் தவறியதால், எண்ணெய் மாதக்கணக்கில் கடலில் கொட்டியது.

சிக்யூ கப்பலில் இருக்கும் பி.ஓ.பி-யின் எடை 380 டன், உயரம் 14.5 மீட்டர். நாலு மாடி வீட்டு உயரத்துக்கு இரும்பு! பத்து டன் ஏற்றும் லாரியாக இருந்தால் 38 லாரி வேண்டும். இதைக் கப்பலின் ஓரத்தில் வைத்துப் பராமரித்து, சோதித்து, தேவைப்படும்போது மூன் பூலுக்கு மேலே கொண்டுவர வேண்டும். அதுவும் கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது.

கிரேனில் தூக்கி வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். கயிற்றில் தொங்கும் எந்தப் பொருளும் ஊஞ்சல்தான். கப்பல் ஆட, அதுவும் ஆடும். பண்ருட்டி மண்டியில் லாரியில் பலாப்பழம் ஏற்றுபவர்கள்கூடப் பழத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு வீச மாட்டார்கள், கைமாற்றிக் கைமாற்றித்தான் அடுக்குவார்கள். 380 டன் இரும்பு ஆடத் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்த மனிதக் கைகளால் ஆகாது.

அதனால்தான் பொருளைத் தொங்கவிடாமல், பொருள் நிற்கும் தரையையே நகர்த்துகிறார்கள்.

தரை எப்படி நகர்கிறது?

மூன் பூலின் இரு பக்கமும் கனமான இரும்புத் தண்டவாளங்கள் போடப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு மேடை. தொழிலாளர்கள் வழக்கில் டிராலி என்பார்கள். சில கப்பல்களில் இதற்குச் சக்கரம் உண்டு. பலவற்றில் சக்கரமே கிடையாது. வழுக்கும் பட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். ஹைட்ராலிக் உருளை ஒன்று மேடையை ஒரு தப்படி தூரம் தள்ளும். பிறகு அதன் கொக்கி தண்டவாளத்தில் இருக்கும் அடுத்த பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். மறுபடி ஒரு தள்ளு. நத்தை வேகம்தான். ஆனால், எந்த நொடியிலும் மேடை ஏதாவது ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டே இருக்கும். தேருக்கு முட்டுக்கட்டை போல, இதில் கொக்கி.

சக்கரத்தை ஏன் இவ்வளவு சந்தேகமாகப் பார்க்கிறார்கள்? ஒரு சின்னக் கணக்கு. கப்பல் வெறும் 5 டிகிரி சாய்ந்தால், 380 டன் எடையை அந்தச் சரிவு பக்கவாட்டில் இழுக்கும் விசை சுமார் 33 டன். மேடையின் சொந்த எடையை இதில் சேர்க்கவே இல்லை. அடுத்த சில நொடிகளில் கப்பல் மறுபக்கம் சாயும், அதே 33 டன் எதிர்த்திசையில் இழுக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இந்த விளையாட்டு விளையாட முடியாது. அதனால் சக்கரம் வைத்த மேடைகளிலும் பல்சக்கரம் பல் சட்டத்தில் கடித்தபடிதான் நகரும். நின்ற இடத்தில் பூட்டும் உண்டு.

மேடை நகர்ந்து மூன் பூலின் நடுவுக்கு வந்ததும், மேலே இருந்து ரைசர் என்ற பெரிய குழாயை இறக்கி பி.ஓ.பி-யின் தலையில் பொருத்துவார்கள். கோபுரம் அதை லேசாகத் தூக்கும். இப்போது எடை மேடையில் இல்லை. மேடை பின்வாங்கும். கீழே திறந்த கடல்! அதன் வழியாக பி.ஓ.பி இறங்கத் தொடங்கும். சிக்யூவின் ரைசர் ஒன்றின் நீளம் 27 மீட்டர். 2,000 மீட்டர் ஆழத்துக்குப் போக இப்படி 70-க்கும் மேற்பட்ட குழாய்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை, நாள் கணக்கில் ஆகும்.

இதிலே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அலைக்கேற்பக் கப்பலும் அதன் தரையும் மேலும் கீழும் போய் வரும். ஆனால், கடல் தரையில் பொருத்தப்பட்ட குழாய் அசையக் கூடாது. அதனால் ரைசரின் மேல்முனையில், பழைய ரேடியோ ஆன்டெனா போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் இணைப்பு இருக்கும். மேலே நிற்பவருக்குக் குழாய் ஏறி இறங்குவது போலத் தெரியும். உண்மையில் ஏறி இறங்குவது அவர் நிற்கும் தரை.

எடை ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்போது கப்பலின் சமநிலையும் மாறும். அதற்கேற்ப அடித்தொட்டிகளில் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேலை இல்லாத நாட்களில், சில கப்பல்களில் மூன் பூலின் மேலே மூடித் தளம் அமைத்துச் சரக்கு வைக்கவும் பயன்படுத்துகிறார்கள். துரப்பணக் கப்பலில் இடம் என்பது தங்கம். குழாய், சேறு, சிமென்ட், உணவு, எரிபொருள் என எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் நடுக்கடலில் நிற்க வேண்டும்.

சி.ஐ.ஏ-வின் ரகசியத் தரை

கப்பலுக்குள் நகரும் தரையைச் சினிமாவை மிஞ்சும் வகையில் பயன்படுத்தியது அமெரிக்க உளவு அமைப்பு. பசிபிக் கடலில் சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்தது சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் கே-129. அதை யாருக்கும் தெரியாமல் எடுக்க 'க்ளோமர் எக்ஸ்ப்ளோரர்' என்ற கப்பலைக் கட்டினார்கள். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் கடலடிக் கனிமம் எடுக்கப்போகிறார் என்று ஊருக்குக் கதை சொன்னார்கள்.

அதன் மூன் பூல் சுமார் 60 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட 34 சென்ட் நிலம்! அதன் அடிப்பகுதியில் திறந்து மூடும் இரண்டு ராட்சதக் கதவுகள். கதவுகள் விலகும், இரும்பு நகங்கள் கொண்ட பிடி கடலுக்குள் இறங்கும், நீர்மூழ்கியைக் கவ்விக்கொண்டு மேலே வரும், கதவுகள் மூடும், உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றினால் காய்ந்த தரையில் சரக்கு ரெடி. பக்கத்தில் நிற்கும் கப்பலுக்குக்கூட எதுவும் தெரியாது. 1974-ல் இது நடந்தது. தூக்கும்போது பிடி உடைந்து நீர்மூழ்கியின் பெரும்பகுதி திரும்பக் கடலில் விழுந்துவிட்டது. கிடைத்த பகுதியில் இருந்த ஆறு சோவியத் மாலுமிகளின் உடல்களுக்கு அமெரிக்கர்கள் மரியாதையுடன் கடலிலேயே இறுதிச்சடங்கு செய்தார்கள். பின்னாளில் அதே கப்பலை எண்ணெய் துரப்பணக் கப்பலாக மாற்றி வேலை வாங்கினார்கள் என்பது கிளைக்கதை.

நம்ம கடலில்

இதெல்லாம் எங்கேயோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில், காவிரிப் படுகையின் கடல் பகுதியில் 'பி.ஒய்-3' எண்ணெய் வயல் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் 40 மீட்டரிலிருந்து 450 மீட்டர் வரை. 1997-ல் உற்பத்தி தொடங்கி, 2011-ல் நின்றது. 2006-ல் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்ற ஆய்வுக் கப்பல் இந்தியக் கடல்களில் 21 இடங்களில் துளையிட்டு, எரிவாயு ஹைட்ரேட் இருக்கிறதா என்று தேடியது. மும்பையில் தொடங்கிய அந்தப் பயணம் சென்னையில் முடிந்தது. 2015-ல் அதே தேடலுக்காக சிக்யூ கப்பலே இந்தியாவின் கிழக்குக் கடலுக்கு வந்தது. 2013-ல் 'திருபாய் டீப்வாட்டர் கே.ஜி-1' என்ற துரப்பணக் கப்பல், ஓ.என்.ஜி.சி-க்காக நம் கிழக்குக் கடலில் 3,165 மீட்டர் ஆழ நீரில் துளையிட்டு அன்றைக்கு உலக சாதனை படைத்தது.

இந்தியாவுக்கென்று சொந்தத் துரப்பணக் கப்பல்களும் உண்டு. விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட 'சாகர் பூஷன்' அதில் ஒன்று. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சியில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தபோது அதில் வெடிவிபத்து ஏற்பட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். புயலும் இல்லை, ஆழ்கடலும் இல்லை. கரையில் நின்ற கப்பலின் மூடிய பகுதியில் தேங்கிய வாயு.

நகரும் தரைக்கும் இந்தப் பயம் உண்டு. தரை மூடினால் அதன் கீழே ஒரு மூடிய இடம் உருவாகிறது, அங்கே வாயு சேரலாம். அதனால்தான் மின்மோட்டார் பொறிக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக், வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவிகள், காற்று வெளியேறும் வழிகள் என்று வடிவமைப்பாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் மாட்டிக்கொண்டால், நத்தை வேகத்தில் வரும் இரும்பும் நிற்காது. மேடை நகரும்போது அந்த இடத்தில் யாரும் இருக்கக் கூடாது, இயக்குபவர் தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தபடி இயக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மேடை விலகிய பிறகு திறந்து கிடக்கும் விளிம்பில் பெல்ட் மாட்டாமல் போகக் கூடாது என்பது அடுத்தது.

கடலூர் மாவட்டத்தில் ஐ.டி.ஐ, டிப்ளமோ முடித்துவிட்டு 'ஆஃப்ஷோர்' வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கொஞ்சம் கவனிக்க வேண்டிய சங்கதி இது. சம்பளத்தை மட்டும் பேசும் ஏஜென்ட், பாதுகாப்புப் பயிற்சி பற்றிப் பேசவில்லை என்றால் அங்கேயே உஷாராகலாம். கடல் மேடை வேலைக்கு, தண்ணீரில் விழுந்து கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பிப்பது உட்பட அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் உரிமம் இருக்க வேண்டும். அதை இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். அப்படி உரிமம் பெற்ற நிறுவனம், வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். வெளிநாட்டில் மற்ற வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்றால் 'இ-மைக்ரேட்' தளத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால், பலாத்தோப்பைக் குத்தகைக்கு விடுவதற்கு முன் ஒரு தடவை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.