எமர்ஜென்சியில இருந்து திரும்பி வந்துட்டோமா? (கொஞ்சம் நீளமான த்ரெட்)

"எமர்ஜென்சியையே தாண்டி வந்த நாடு சார் இது. எந்தச் சர்வாதிகாரம் வந்தாலும் ஜனநாயகத்துக்குத் திரும்பிடும்" என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஏகப்பட்ட லைக். எனக்கு ஒரு மறுப்பு இருக்கு.

திரும்பினோம், உண்மைதான். 1975 ஜூன் 25-ல் பிரகடனம், 1977 மார்ச் 21-ல் வாபஸ். இந்திரா ரேபரேலியிலேயே தோற்றார். 1978-ல் 44வது திருத்தம் வந்து 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சாக்கை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தது. (நம்ம ஊர்ல ஆட்சியைக் கலைச்சு, மிசாவுல ஆள் பிடிச்ச பிறகும் 39-ல் 34 தொகுதியை அதிமுக, காங்கிரஸ் அணிக்குத்தான் கொடுத்தோம். அது தனி த்ரெட்.)

ஆனா பிரம்மதேசத்துல உட்கார்ந்து ஓ.பி. பார்க்கிற எனக்கு எமர்ஜென்சி இன்னும் முடியல.

மரக்காணம் உப்பளத்துக்குப் போற பெண். மூன்றாவது குழந்தை வேண்டாம். "வீட்டுக்காரருக்குச் செஞ்சுக்கலாமே, சின்ன வேலைதான்"னு சொன்னேன். "அவரு உப்பு சுமக்கிற ஆளு, பலம் போயிடும் டாக்டரம்மா." அதே வரப்புல அதே உப்பை இவங்களும்தான் தலையில சுமக்கிறாங்க!

ஆண்களுக்கு இந்தப் பயம் எப்பவும் உண்டு, எமர்ஜென்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 1960களின் கடைசியில் இந்தியாவில் நடந்த கருத்தடை ஆபரேஷன்களில் பெரும்பாலானவை ஆண்களுக்குத்தான். அப்போ மட்டும் மீசை இல்லையா?

1976-77, ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன்கள். அதில் சுமார் 62 லட்சம் ஆண்கள். டார்கெட், சம்பளப் பிடித்தம், மிரட்டல். 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சூழ்ந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கொடுமை வடக்கே அதிகம், இங்கே குறைவு. பயத்துக்கு மாநில எல்லை கிடையாது.

ஆட்சி மாறியதும் வாசெக்டமி என்ற வார்த்தையையே எந்த அரசியல்வாதியும் வாயில எடுக்கல. திட்டம் பெண்கள் பக்கம் திரும்பியது. தேசிய குடும்பநல ஆய்வு, 2019-21: கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9%, ஆண்கள் 0.3%. வயிற்றைத் திறக்க வேண்டிய, ஆபத்து அதிகமான ஆபரேஷன் யாருக்கு என்று பாருங்கள்.

இன்னொன்று, என் இனத்தாருக்குக் கசக்கும். பிடிச்சிட்டு வந்தது போலீஸ், ஆனா கத்தி எடுத்தது டாக்டர். உயிர் வாழும் உரிமையே சஸ்பெண்ட் ஆகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரலில் சொன்னபோது நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருத்தராவது மறுத்து எழுதினார். நம்ம தொழில்ல அப்படி எல்லாருக்கும் தெரிந்த ஒரு பேர் சொல்லுங்க பார்ப்போம். 1977-ல் ஓட்டுப் போட்டு அரசை மாத்தினாங்க. டாக்டரை யார் மாத்தினா? அந்த அவநம்பிக்கையைத்தான் தடுப்பூசி முகாம்லயும் நாம பார்க்கிறோம்.

ஆண்மை போகுமான்னு கமெண்ட்ல கேட்கப் போறவங்களுக்கு: போகாது. ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அந்தக் குழாயில் இல்லை. சில நாள் ஓய்வுக்குப் பிறகு உப்பு மூட்டையும் தூக்கலாம். 3 மாசம் கழிச்சு விந்துப் பரிசோதனை செய்யும் வரை ஆணுறை கட்டாயம். சந்தேகம் இருந்தா வீட்டம்மாவை அனுப்பாம நீங்களே வாங்க.