பீரோவில் உறங்கும் விக்டோரியா

ஜான்சி ராணி லக்ஷ்மிபாய் 1858இல் பிரிட்டிஷ் படையோடு போரிட்டு மடிந்தார். அவர் பெயரைத் தாங்கிய டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைகளுக்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த விக்டோரியா மகாராணி தென்படலாம். மத்திய அரசு ஊழியரின் மாற்றல் உத்தரவோடு கும்பகோணத்திலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ ரயிலேறி வந்த வெள்ளி ரூபாய்கள். பாட்டிக்குச் சீதனமாக வந்தவை, ஆரத்தித் தட்டில் விழுந்தவை, தலைநகருக்கு வந்தபின் தீபாவளி லட்சுமி பூஜையில் இடம்பிடித்தவை.

என்றாவது ஒருநாள் வீட்டுப் பிள்ளை கேட்கிறான்: “இது எவ்வளவு போகும்?” வெள்ளி ரூபாய் சேகரிப்பு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. முதல் தவறும் இங்கேதான் நடக்கிறது. கடைக்காரரிடம் காட்டுவதற்கு முன் காசைப் பளபளப்பாக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றிவிடும். குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. ஐந்து நிமிடம் தேய்த்தால் போதும், நூறாண்டுக்கு மேல் காத்த மதிப்பு குறைந்துவிடும்.

ஏன் என்று புரிய அந்த ரூபாயின் கதை தெரிய வேண்டும். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆளுகைப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம் முதல் ஆறாம் ஜார்ஜ் வரை தலைகள் மாறினவே தவிர, 1939 வரை இந்த அளவு மாறவில்லை. நாட்டு வைத்தியர்கள் ‘ரூபாய் எடை’ என்று மருந்துச் சரக்கை நிறுத்தது அந்த நம்பிக்கையில்தான். இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் ரூபாய் நிக்கலுக்கு மாறியது.

இந்தக் கதையில் அமெரிக்காவுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின் போது, நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்கினார்கள். அரசின் கையிருப்பு கரைந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறி, அமெரிக்கக் கஜானாவில் தூங்கிக்கொண்டிருந்த 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 26 கோடி டாலர்களின் வெள்ளி இந்திய ரூபாய்க்காக விற்கப்பட்டது. அக்காலத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று பீரோவில் இருந்தால், அது முற்பிறவியில் டாலராக இருந்திருக்கலாம்.

ஒரு பழைய ரூபாயில் உள்ள சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையோடு இதைப் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. பழைய டெல்லி தரீபா கலான் வெள்ளிக் கடைகளில் தராசு சொல்வது இதைத்தான். சேகரிப்பாளர் அதற்கு மேல் கொடுப்பது இரண்டு காரணங்களுக்காக: காசு எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கிறது.

அருமைக்குப் புகழ்பெற்ற உதாரணம் ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாய். டெல்லி தர்பார் நடந்த அதே ஆண்டு. மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிகிறது என்று ஆட்சேபம் கிளம்பியது. வெளியீடு நிறுத்தப்பட்டது, பெரும்பகுதி உருக்கப்பட்டது, 1912இல் யானை திருத்தி வரையப்பட்டது. ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1939ஆம் ஆண்டு ரூபாயும் அரிது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் ஏராளம். 1874 வரை ஆண்டை மாற்றாமலே அச்சடித்ததுதான் காரணம். ஆனால் அவற்றுள் நுண்ணிய புள்ளிகளால் வேறுபடும் வகைகள் உண்டு. பூதக்கண்ணாடியோடு அந்தப் புள்ளிகளை எண்ணுவதிலேயே ஆயுளைக் கழிப்பவர்களும் உண்டு.

அடுத்தது நிலை. அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று உலகமெங்கும் காசுகளுக்கு மார்க் போடுவது அதைக் கொண்டுதான். 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இதைத் தொழிலாக்கின. காசை நிபுணர்கள் பரிசோதித்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருகிறார்கள். தேய்த்துச் சுத்தம் செய்த காசுக்கு, கழுத்தில் அணிய வளையம் பற்றவைத்த காசுக்கு எண் கிடைக்காது, குறைதான் எழுதப்படும். கண்ணாடிபோல் மின்னுவது அவர்கள் கண்ணில் காயம். மங்கிய கருமை கௌரவம்.

அப்படியானால் பாட்டியின் விக்டோரியாவை அமெரிக்காவுக்குப் பார்சல் செய்துவிடலாமா? கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜின் 1922 வரையிலான ரூபாய்கள் எல்லாமே இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. ‘தரச் சான்று வாங்கித் திரும்பிவிடும்’ என்பது சட்டத்துக்குச் சமாதானம் ஆகாது. வெளிநாட்டு உறைக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எண் இல்லாவிட்டால் சேகரிப்பு நின்றுவிடாது. தொடங்குபவருக்குத் தேவை பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு, ஒரு நோட்டுப்புத்தகம். 1912 முதல் 1920 வரையிலான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் சுலபமாகக் கிடைக்கும். அவற்றில் ஐந்தாறை அருகருகே வைத்துப் பார்த்தால், கிரீடமும் மீசையும் அங்கியின் வேலைப்பாடும் எங்கே முதலில் தேய்கின்றன என்பது கண்ணுக்குப் பழகும். காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். பி.வி.சி. உறை வெள்ளியைக் கெடுக்கும். எடை கணிசமாகக் குறைந்தாலோ கூடினாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ அது ரூபாய் அல்ல.

ஏமாற்று ஆசாமிகளுக்கும் பஞ்சமில்லை. 1818 என்ற ஆண்டோடு அனுமனோ ராமரோ பொறித்து, ‘கம்பெனி அணா’ என்று விற்பவை பிற்காலத்துப் பொம்மைகள். பழைய காசுக்கு லட்சங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி மோசடி நடந்ததால், அப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க நேர்ந்தது.

காசைச் சோதித்துத் தரம் சொல்பவருக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: வண்ணக்கர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் அதற்கு மரியாதை இல்லாமல் போகுமா? லக்ஷ்மிபாய் நகர்ப் பிள்ளைக்கு அந்த வேலை இன்றே கிடைக்கும். மஞ்சள் துணியை அவிழ்த்து, ஒவ்வொரு காசையும் நிறுத்து, ஆண்டை எழுதி, பாட்டி இருக்கும்போதே அது யார் கொடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். விபூதி நெற்றிக்கு மட்டும் போதும்.