ஒரு விரற்கடை குறைந்தால்...

திருவரங்குளம் சிவன் கோயிலைத் தரிசித்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பினோம். வழியில் எங்கள் பழைய ஜீப்புக்குக் குளிர் ஜுரம்! வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடியது. "எஞ்சின் போச்சு" என்றார் அத்திம்பேர். அக்காவின் கை கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்தது.

சாலையோர மெக்கானிக் கியர் போடாமல் எஞ்சினை உறுமவிட்டார். அப்போதும் நடுக்கம். "சக்கரத்துல கோளாறு இல்லீங்கம்மா. பிளக் கோளாறுன்னா மெதுவா ஓடறப்பதான் அதிகமா உதறும். இது சுத்துற சாமான் ஏதோ ஒண்ணு, ஒரு பக்கம் கனமாயிருக்கு" என்றார். பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிஷம் ஓட்டினார். நடுக்கம் நின்றது! ரேடியேட்டர் விசிறியின் ஓர் இறக்கையில், நுனி ஒரு விரற்கடை ஒடிந்திருந்தது.

இத்தனூண்டுக்கா இந்த ஆட்டம் என்கிறீர்களா? அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 10 கிராம் குறைந்தாலே, நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் அது 20 கிலோ கனம்போல் இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு!

உங்கள் மிக்ஸி அதிர்ந்தாலும் இதே சோதனைதான். ஜாரை எடுத்துவிட்டு ஒரு விநாடி ஓட்டுங்கள். அதிர்வு நின்றால் குறை ஜாரில், நிற்காவிட்டால் மோட்டாரில். ஒடிந்த பிளேடை உடனே மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் பேரிங்கையும் தின்றுவிடும்.

அக்காவின் சங்கிலி? கழுத்திலேயே பத்திரமாக இருக்கிறது!