பெயர், விலை, மறுக்கும் உரிமை

பேஸ் கிட்டாரின் ஒலி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் பலருக்குத் தெரியாது. இளையராஜாவின் பாடல்களில் பாடகரின் குரலுக்கு அடியில், தாளத்தோடு சேர்ந்து, கனமான இன்னொரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒலிதான் அது. பெரும்பாலும் தடித்த நான்கு கம்பிகள் கொண்ட, மின்சாரத்தில் ஒலிக்கும் கருவி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் இதைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவியது.

கடையில் தொங்குவதை வாங்காமல், கைவினைஞரிடம் சொல்லித் தனக்கென்று செய்துகொள்கிறவர்களும் உண்டு. அந்த ஆர்டர் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இசைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

முதலில் இருவரும் பேசுகிறார்கள். வாசிப்பவரின் கை எவ்வளவு பெரியது, தோள் எவ்வளவு எடை தாங்கும், என்ன மாதிரி இசை வாசிப்பார் என்று கைவினைஞர் கேட்கிறார். உடலுக்கு ஆஷ் மரமா, ஆல்டர் மரமா, கழுத்துக்கு மேப்பிளா, கம்பியின் நீளம் 34 அங்குலமா, 35-ஆ, கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி எவ்வளவு, எல்லாம் தாளில் எழுதப்படுகிறது. விலை பேசி முன்பணம் தருகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிடிக்காத வேலையைக் கைவினைஞர் "முடியாது" என்று மறுக்கலாம். முடிந்த கருவியின் தலைப்பகுதியில் செய்தவரின் பெயரோ பட்டறையின் பெயரோ இருக்கும். "இவர் செய்த கருவி" என்று சொல்லிக்கொள்வது வாசிப்பவருக்குப் பெருமை.

ஆண்டனி ஜாக்சன் என்ற கறுப்பின இசைக்கலைஞருக்கு நான்கு கம்பி போதவில்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று சேர்த்து ஆறு கம்பி வேண்டும் என்று நியூயார்க்கில் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞரிடம் கேட்டார். 1975-இல் கருவி தயாரானது. கம்பிகளுக்கு இடையே இடம் போதவில்லை என்பதால், பின்னர் வேறு கைவினைஞர்களோடும் சேர்ந்து அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். இன்று ஆறு கம்பி பேஸின் வரலாற்றைச் சொல்பவர்கள் வாசித்தவரின் பெயரோடு செய்தவரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

அங்கேயும் பெயர் எல்லோருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. டெட்ராய்ட் நகரத்தின் மோட்டவுன் இசை நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் 1960-கள் முழுக்க பேஸ் வாசித்தார். உலகமே அந்தப் பாடல்களைக் கேட்டு ஆடியது. ஆனால் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டில்தான் அவர் பெயர் அச்சானது. உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை மறைப்பது எல்லா நாட்டு ஆதிக்கத்துக்கும் தெரிந்த வித்தைதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். மிருதங்கத்துக்குப் பலா மரம் வேண்டும். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். தோலைப் பார்த்துத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டி, சுருதி சேரும்வரை தட்டித் தட்டிப் பார்க்கும் அந்தக் காது சங்கீத வித்துவானின் காதுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பாலக்காடு மணி ஐயரை இசை உலகம் முழுக்கத் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்தை எத்தனை பேருக்குத் தெரியும்? தலித் கிறித்தவர்களான இந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோலில் பிறக்கும் நாதம் மேடைக்கு வரலாம், தோலைத் தொட்டவரின் கதை வரக்கூடாது என்பதுதானே இதன் பொருள்?

பறைக்கு இந்த அளவுகூட நடக்கவில்லை. மரத்தை வளைத்துச் சட்டம் செய்து, புளியங்கொட்டைப் பசையில் தோல் ஒட்டி, காயவைத்துத் தருகிறவரின் பெயரை எந்த அழைப்பிதழில் பார்த்திருக்கிறோம்? 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது மகிழ்ந்தோம். பறை கல்லூரி விழாக்களிலும் கட்சி மேடைகளிலும் முழங்குகிறது. 2018-இல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கிட்டாரோடு சேர்ந்தே ஒலித்தது. ஆனால் கிட்டாருக்கு ஒரே சொல்லில் பணம் எடுத்துவைக்கிற கை, பறை வாங்கும்போது மட்டும் பேரம் பேசுகிறது.

"இந்தத் தொழிலே வேண்டாம், விட்டுவிட வேண்டும்" என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செத்த மாடு தூக்கும் வேலையை விடுங்கள் என்றுதான் அம்பேத்கரும் சொன்னார். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்ற இளைஞன் ஊரில் என்ன பாடுபட்டான் என்பதும் நமக்குத் தெரியும். அவன் பக்கம் நிற்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் கைவினைஞர் தொடுவதும் மரமும் கம்பியும்தான், நம்மவர் தொடுவதும் மரமும் தோலும்தான். கைவேலையில் இழிவு இல்லை. அவருக்கு மூன்று இருக்கிறது: பெயர், விலை, மறுக்கும் உரிமை. நம்மவரிடமிருந்து பறிக்கப்பட்டவை இந்த மூன்றும். இவை இருந்தால் அது ஆர்டர். இல்லாவிட்டால் அது ஊர் ஏவும் ஊழியம். "முடியாது" என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் "செய்கிறேன்" என்ற சொல்லுக்கு மதிப்பு.

மாணவர்களே, உங்கள் கல்லூரிக்குப் பறையோ, தவிலோ, மிருதங்கமோ வாங்கினால், செய்பவரின் வீட்டுக்கு நேரில் போங்கள். பெயரைக் கேளுங்கள். அளவையும் விலையையும் நாளையும் தாளில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் கொடுங்கள். அவர் சொல்லும் விலையைக் குறைக்காதீர்கள். அவர் சம்மதித்தால் சட்டத்தின் உட்புறம் பெயரையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். விழா அழைப்பிதழில் கலைஞர்களின் பெயருக்குக் கீழே "கருவி செய்தவர்" என்று ஒரு வரி சேருங்கள். அவர் தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம் என்று சொன்னால், அதையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. அடுத்த விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் செய்துவிடலாம்.