எதை எடுத்தார்கள்?

எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் கூடினால், 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு' என்பது பல் பிடுங்கிய கதைபோல வந்து போகும். சினைப்பையையும் சேர்த்தா என்று கேட்டால், 'அதெல்லாம் டாக்டருக்குத்தான் தெரியும்' என்பார்கள். சின்னக் கொய்யாக்காய் அளவு கருப்பை. இரு பக்கமும் பாதாம்பருப்பு அளவில் சினைப்பைகள். கருப்பை மட்டும் போனால் மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது. சினைப்பை இரண்டும் போனாலோ ஈஸ்ட்ரோஜன் சட்டென்று வற்றும். திடீர் திடீரென உடம்பு காந்தும், தூக்கம் கெடும், போகப்போக எலும்பு மெலியும். இதைச் சொல்ல மருத்துவருக்கு இரண்டு நிமிஷம் போதும். பக்கத்து வீட்டு அக்கா அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வந்தார். இரண்டு சினைப்பையும் எடுத்ததாகக் கோழிக் கிறுக்கலில், ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு வருஷமாக அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.