எலும்புக்கூடு எதற்கு?

"ஸார், உங்களுக்கு ஒரு நல்ல கதை கொண்டுவந்திருக்கிறேன்" என்று நண்பர் ஒருவர் வந்தார். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பழைய இரும்புக் கப்பலை 1889-ல் உடைக்க ஆரம்பித்தபோது, அதன் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே ஒரு தொழிலாளியின் எலும்புக்கூடும் ஒரு பையனின் எலும்புக்கூடும் அகப்பட்டனவாம். உயிரோடு வைத்து ஆணி அடித்துவிட்டார்களாம். அந்தச் சாபத்தால்தான் கப்பல் விளங்காமல் போயிற்றாம்!

எழுத மாட்டேன் என்றேன். இந்தக் கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாததை எழுதுவதுதானே உம் பிழைப்பு என்று வாசகர்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் எலும்புக்கூடு இல்லாவிட்டால் அந்தக் கப்பலில் இரக்கப்பட ஒன்றுமே இல்லையா?

நடுவழியில் கரி நிரப்பாமலே ஆஸ்திரேலியா போய்ச் சேரவேண்டும் என்று புரூனல் என்ற எஞ்சினீயர் திட்டமிட்ட கப்பல் அது. நீளம் 692 அடி. தேம்ஸ் கரையில் சுமார் 30 லட்சம் ஆணிகளைக் கையாலேயே அடித்தார்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியைப் பையன் இடுக்கியால் எடுத்துக் கொடுப்பான்; ஒருவன் உள்ளே முட்டுக்கொடுத்துப் பிடிப்பான்; வெளியே இருவர் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். சுவர்களுக்கு நடுவே மூன்றடிகூட இடம் கிடையாது. அந்த இருட்டிலும் இரைச்சலிலும் வேலை செய்த பையன்களின் காது என்னவாகியிருக்கும்!

1859 செப்டம்பரில் வெள்ளோட்டம். முன் புகைபோக்கியைச் சுற்றித் தண்ணீர் உறை ஒன்று இருந்தது. அதன் ஆவி வெளியேறும் வழியை யாரோ அடைத்திருந்தார்கள். வெடித்தது. மேலே நிலைக்கண்ணாடிகள் பதித்த அலங்காரக் கூடம். நல்ல வேளை, அங்கே பெரிய மனிதர்கள் இல்லை. கீழே கரி தள்ளியவர்கள் வெந்து செத்தார்கள். சரித்திரம் எழுதுகிறவர்களோ, வேறு கப்பலாயிருந்தால் மூழ்கியிருக்கும் என்று இரும்பை மெச்சிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். சில நாட்களில் புரூனலும் காலமானார். அவருக்கு மட்டும் தனி அத்தியாயம் உண்டு.

சாபமாவது, மண்ணாவது! கிழக்கே போகக் கட்டிய கப்பலை அட்லாண்டிக்கில் ஓட்டினார்கள். அத்தனை பெரிய கப்பலை நிரப்பப் பிரயாணிகள் வரவில்லை. 1869-ல் திறந்த சூயஸ் கால்வாயிலோ அதனால் நுழைய முடியாது. கடைசியில் கடலடித் தந்திக்கம்பி போடத்தான் உதவிற்று. 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே போட்டதும் அதுதான்.

நண்பர் மறுநாளும் வந்தார். "எலும்புக்கூடு வேண்டாம் ஸார். அந்தப் பையனையாவது வைத்துக்கொள்ளலாமா?" என்றார்.

தாராளமாய் வைத்துக்கொள்ளலாம் என்றேன். உயிரோடு, கையில் இடுக்கியோடு.