சாம்பாருக்கு எரித்த நெருப்பில் குளிக்க வெந்நீர்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் கடந்தால் தவளக்குப்பம். மேற்கே திரும்பினால் சிங்கிரிகுடி நரசிம்மர் கோயில், கிழக்கே போனால் நல்லவாடு கடற்கரை. ஊர் வேகமாக மாறிவிட்டது. கூரை வீடு இருந்த இடங்களில் மாடி வீடுகள், ஏறக்குறைய எல்லாச் சமையலறையிலும் கேஸ் அடுப்பு.

ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் விடியற்காலையில் நடந்து பார்த்தால் வேறொரு காட்சியும் கண்ணில் படும். வீட்டின் பின்பக்கம் மூன்று செங்கல். அதன்மேல் கரி பிடித்த குண்டான். கீழே சவுக்கு மிளாறும் தென்னை மட்டையும் பாளையும் எரிந்துகொண்டிருக்கும். சமையல் கேஸுக்கு மாறிய பிறகும் வெந்நீர் மட்டும் விறகிலேயே நின்றுவிட்ட வீடுகள் இவை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே கதைதான்.

"அம்மா, தண்ணி காஞ்சுதா?" என்ற குரல் உள்ளேயிருந்து வரும்போது, அம்மா புகைக்குள் குனிந்து ஊதிக்கொண்டிருப்பார். வெந்நீர் வீட்டில் எல்லோருக்கும் கிடைக்கும், புகை ஒருவருக்குத்தான். கைக்குழந்தைக்கு, பிள்ளை பெற்ற மகளுக்கு, மூட்டுவலிக்காரத் தாத்தாவுக்கு, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு என்று ஆளுக்கு ஒரு வாளி. அடைமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வெந்நீர் தேவை கூடும். அப்போதுதான் விறகும் ஈரமாகிப் புகை இரட்டிப்பாகும்.

ஏன் கேஸில் வைப்பதில்லை?

கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து குளிக்க இதமான 42 டிகிரிக்குக் கொண்டுவர 240 கிலோ கலோரி.

ஒரு கிலோ சமையல் கேஸில் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி இருக்கிறது. அடுப்பில் அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாளிக்கு 36 கிராம் கேஸ் செலவாகும். நான்கு பேர் குளிக்க தினமும் 145 கிராம், மாதம் 4 கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரில் இது மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். மின்சாரத்தில் வைத்தால் மாதம் சுமார் 34 யூனிட். கூலி வேலையும் மீன் வியாபாரமும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. கொல்லையில் விழுந்த தென்னை மட்டைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே!

விறகுக் கணக்கையும் பார்த்துவிடலாம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 3,800 கிலோ கலோரி வரை இருக்கும். மூன்று செங்கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறும். மீதி காற்றோடு போகும். அப்படியானால் ஒரு வாளிக்கு 600 கிராமுக்கு மேல் விறகு. நான்கு வாளிக்கு இரண்டரைக் கிலோ, மாதத்துக்கு 75 கிலோ. இத்தனையும் எரிந்து வரும் புகை, அடுப்பருகே உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும். வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் எழும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

கொடி அடுப்பின் கெட்டிக்காரத்தனம்

இந்தச் சிக்கலுக்குப் பாட்டிமார்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். அதன் பெயர் கொடி அடுப்பு. மண்ணால் பூசிய அடுப்பில் முன்னால் ஒரு பெரிய வாய், பக்கத்தில் இன்னொரு சின்ன வாய். விறகு வைப்பது பெரிய வாயில் மட்டும்தான். அங்கே சோறு வெந்துகொண்டிருக்கும்போது, மிச்ச நெருப்பும் சூடான காற்றும் உள்வழியாகக் கொடி அடுப்புக்கு வரும். அதன்மேல் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும், இல்லாவிட்டால் ரசமோ பாலோ. தனி விறகு இல்லை, தனி ஆள் இல்லை. உலை கொதித்து, சோறு வடித்து, குழம்பு இறக்குவதற்குள் தண்ணீர் தானாகக் காய்ந்திருக்கும்.

அடுப்போடு சேர்த்துக் கட்டிய வெந்நீர்த் தொட்டி என்பது இதே யோசனையின் அடுத்த படிதான். பானைக்குப் பதில் அடுப்புச் சுவருக்குள்ளேயே ஒரு தொட்டி, அதற்கு ஒரு மூடி, கீழே ஒரு குழாய். ஒரு வீட்டில் சமையலுக்கு 2 கிலோ விறகு எரிகிறது என்றால், பாத்திரத்தில் ஏறாமல் வீணாகும் வெப்பம் 6,800 கிலோ கலோரி. அதில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டி பிடித்தாலும் கிட்டத்தட்ட மூன்று வாளி வெந்நீர் கிடைத்துவிடும்.

இதை நேரில் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பழைய டீக்கடை பாய்லரைப் பார்த்தாலே புரியும். நடுவில் கரி எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே பால் பாத்திரம். ஒரே கரி நெருப்பில் பாலும் காயும், டிகாக்‌ஷனுக்குத் தண்ணீரும் கொதிக்கும். குழாயைத் திருப்பினால் எந்நேரமும் வெந்நீர். நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் வெளியே தப்பிக்கும் வெப்பம் குறைவு.

குளிர் அதிகமான ஊர்களில் இது இன்னும் விரிவாக வளர்ந்தது. காஷ்மீர் வீடுகளின் ஹமாமில் தரைக்கு அடியில் விறகு எரியும். அந்த ஒரே நெருப்பு, கல் தரையையும் சூடாக்கும், பதித்து வைத்த செப்புத் தொட்டியில் தண்ணீரையும் காய்ச்சும். கர்நாடகத்தில் குளியலறை அடுப்பிலேயே 'ஹண்டே' என்ற பெரிய செப்புப் பாத்திரத்தைப் பதித்துக் கட்டுவது பழைய வழக்கம்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு சுவையான கதை உண்டு. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி குஸ்தாவ் தாலேன் 1912-ல் ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தார். அதே ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வீட்டில் இருந்த நாட்களில், மனைவி அடுப்போடு படும் பாட்டைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும் உணர்ந்துகொண்டார் என்பார்கள். 1922-ல் அவர் உருவாக்கிய 'அகா' அடுப்பு, நாள் முழுக்கக் கொஞ்சம் எரிபொருளில் சூட்டைத் தேக்கிவைக்கும். பின்னால் வந்த மாடல்களில் வெந்நீர்த் தொட்டியும் சேர்ந்தது.

மூன்று கோடி அடுப்புகள் எங்கே போயின?

இந்தியாவிலும் நல்ல அடுப்புக்காக உழைத்தவர்கள் உண்டு. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாத சமையலறை என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். 1953-ல் அது சென்னையில் வெளியானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு, மூன்று பாத்திரம் வைக்கும் அடுப்பை உருவாக்கியது. கர்நாடகக் கிராமங்களில் எந்த வேலைக்கு எவ்வளவு விறகு போகிறது என்று அளந்தபோது, குளிக்கும் வெந்நீரையும் தனிக் கணக்காக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

1980-களின் நடுவிலிருந்து 2002 வரை மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடு முழுவதும் நடத்தியது. கட்டிய அடுப்புகள் மூன்று கோடிக்கும் மேல். ஆனால் ஏராளமான வீடுகளில் சில ஆண்டுகளிலேயே அவை கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைத்துக்கொண்டது, மண் விரிசல் விட்டது, அடுப்பு வாயின் அளவுக்கு வீட்டுப் பாத்திரம் பொருந்தவில்லை. இலக்கை எட்டுவதற்காகக் கட்டிய இடங்களில், சமைக்கிற பெண்ணிடம் "உங்கள் பானை எவ்வளவு பெரிது?" என்று யாரும் கேட்கவில்லை.

2016 மே 1-ல் உஜ்வலா திட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் இணைப்பைக் கணக்கெடுக்கும்போது கொல்லைப்புறத்துக் குண்டான் கணக்கில் வருவதில்லை. உள்ளே நீலச் சுடர் எரியும் வீட்டில், வெளியே புகை தொடர்கிறது. சமையலுக்கு என்ன அடுப்பு என்று கேட்கிறவர்கள், "குளிக்கத் தண்ணீர் எதில் காய்கிறது?" என்றும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு

இன்னும் விறகில் சமைக்கும் வீடுகள், கல்யாணச் சமையல் கூடங்கள், சிற்றுண்டிக் கடைகள் அடுப்போடு தொட்டி சேர்த்துக் கட்ட நினைத்தால் கவனிக்க வேண்டியவை இவை.

தொட்டியை நெருப்புக்கு நடுவில் வைக்கக் கூடாது. குளிர்ந்த உலோகம் சுடரைத் தொட்டால் விறகு அரைகுறையாக எரிந்து கரியும் புகையும் கூடும். முதலில் சோற்றுப் பானை, அடுத்து குழம்பு, அதற்குப் பிறகு தொட்டி, கடைசியில் புகைபோக்கி. சூடான காற்று இந்த வரிசையில் போக வேண்டும்.

தொட்டியின் வாயை இறுக்கி மூடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். போக வழியில்லாத ஆவி தொட்டியையே வெடிக்க வைத்துவிடும். சும்மா மேலே வைக்கும் மூடியே போதும்.

தண்ணீர் இல்லாமல் அடுப்பு எரியக் கூடாது. காலித் தொட்டியில் சூடு ஏறினால் பற்றவைத்த ஈயம் உருகி ஓட்டை விழும். குழாயைத் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் வைத்தால், எல்லோரும் பிடித்த பிறகும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.

கடலோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருக்கும். உள்ளே வெள்ளையாகப் படியும் உப்புப் படிவு, வெப்பம் தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும். வெளிப்பக்கம் படியும் கரியும் அதையேதான் செய்யும். எனவே உள்ளே கை விட்டுத் தேய்க்கும் அளவுக்கு வாய் அகலமாக இருக்கட்டும். புகைபோக்கியை மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். தகரத் தொட்டித் தண்ணீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும், குடிக்க வேண்டாம். குழந்தைகள் கை எட்டாத பக்கமாகக் குழாய் இருக்கட்டும்.

இந்தத் தொட்டி யோசனையை கேஸ் அடுப்பில் செய்து பார்க்கக் கூடாது. பர்னரைச் சுற்றித் தொட்டி கட்டினால் காற்றோட்டம் தடைப்பட்டு நச்சு வாயு உண்டாகும். கேஸ் கீசரையும் காற்று வராத குளியலறைக்குள் மாட்டக் கூடாது.

அடுப்பே இல்லாமல்

கேஸில் மட்டும் சமைக்கும் வீட்டில் வீணாகும் வெப்பம் குறைவு. அங்கே தொட்டிக்கு வேலை இல்லை. அந்த வீட்டுக்கு மொட்டை மாடிதான் கொடி அடுப்பு. 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் நல்ல வெயில் நாளில் நான்கு பேர் குளியல் முடியும். அது கட்டுப்படியாகாதவர்கள், கறுப்பு வண்ணம் பூசிய மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீரை வெயிலில் வைத்து மாலையில் குளிக்கலாம். வயதானவர்களும் கைக்குழந்தையும் காலையில்தான் குளிக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே!

மழைக்காலத்தில் விறகுதான் கதி என்றால், மூன்று செங்கல்லுக்குப் பதில் மூன்று பக்கமும் அடைத்த மண் அடுப்பு, குண்டானுக்கு ஒரு மூடி, நாளைய விறகை இன்றைய அடுப்பின் அனலில் உலர்த்துவது ஆகிய மூன்றுமே விறகையும் புகையையும் குறைக்கும். பற்றவைக்க பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். அதன் நச்சுப் புகையைக் குனிந்து ஊதுகிறவர்தான் முதலில் சுவாசிக்கிறார்.

அந்த வேலையை யாராவது மாற்றி மாற்றிச் செய்யலாம் என்பதும் ஒரு யோசனைதான். தண்ணீர் காய்ந்ததா என்று உள்ளிருந்து குரல் கொடுப்பவர், ஒரு நாள் எழுந்து வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டால், அடுத்த வாரமே தொட்டிக்கோ சோலாருக்கோ வீட்டில் பேச்சு எழும்.